14ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நடுவில்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். எக்ஸ்போர்ட் யூனிட். நூல், நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, லேபிள், அட்டைப்பெட்டி என்று ஒரு டி-ஷர்ட் கப்பல் ஏறுவதற்குள் பத்துப் பதினைந்து பார்ட்டிகளின் பில் வந்துவிடும். அத்தனையும் டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏறும். ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மாதாமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி என்கிற பட்டியல் வந்த பிறகுதான் எங்களுக்கு வேலையே ஆரம்பம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நமக்குச் சரக்கு கொடுத்தவர் தன்னுடைய ரிட்டர்னில் அந்தப் பில்லைக் காட்டியிருந்தால் அது நம்முடைய 2பியில் வரும். 2022 ஜனவரி 1 முதல் 2பியில் வராத பில்லுக்கு இன்புட் எடுக்க முடியாது, அதாவது அதில் நாம் கொடுத்த வரியை நம் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அதற்கு முன்னால் 5 சதவீதம் கூடுதலாக எடுத்துக்கொள்ள ஒரு சலுகை இருந்தது, அதுவும் போய்விட்டது. ஆக, டேலியில் இருக்கும் கொள்முதல் பில்களையும் 2பியில் இருக்கும் பில்களையும் எக்ஸெலில் ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்த்து, 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத ரிட்டர்ன் போட வேண்டும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் அது ஞாயிற்றுக்கிழமை இல்லை.

எக்ஸெலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட எல்லாமே இந்த ஒரு வாரத்துக்காகக் கற்றுக்கொண்டதுதான். கம்ப்யூட்டரே தெரியாமல் வேலைக்கு வரவில்லை. பி.காம் படிக்கும்போதே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆபீஸ் ஆட்டோமேஷன் பரீட்சை எழுதி சான்றிதழ் வாங்கியவள்தான். அப்புறம் வேலையில் இருந்துகொண்டே ஒரு சென்டரில் சாயங்கால வகுப்பில் ‘அட்வான்ஸ்டு எக்ஸெல்’ படித்தேன். ஒரு ஷீட்டில் இருப்பதை இன்னொன்றில் தேடி எடுக்கும் வீலுக்அப், கூட்டித் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள், சார்ட், கொஞ்சம் மேக்ரோ, கடைசி வாரத்தில் சார்ட்டுகளை ஒரே பக்கத்தில் காட்டும் டேஷ்போர்டு. பயிற்சிக்குக் கொடுத்த ஷீட்டில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் பேனா, பென்சில், ஃபைல் விற்பனை. எல்லாம் பளிச்சென்று ஒரே மாதிரி இருக்கும். எந்த ஃபார்முலா போட்டாலும் விடை வரும். நிஜ வாழ்க்கையில் அப்படி ஒரு ஷீட்டை நான் பார்த்ததே இல்லை.

என்னிடம் வரும் ஷீட் எப்படி இருக்கும் என்றால், ஒரே நூல் மில்லின் ஒரே பில் 2பியில் "0145/23-24" என்று இருக்கும், டேலியில் நம் பையன் "145" என்று ஏற்றியிருப்பான். இன்னொரு பார்ட்டி பில்லுக்கு முன்னால் கம்பெனி பெயரின் மூன்றெழுத்தைச் சேர்ப்பார். ஜிஎஸ்டி விதிப்படி பில் நம்பர் 16 எழுத்துக்குள் இருந்தால் போதும். எழுத்து, எண், ஹைஃபன், சாய்கோடு எல்லாம் கலந்துகொள்ளலாம். அந்தச் சுதந்திரத்தை நம் ஊர் பார்ட்டிகள் ஒரு எழுத்துகூட வீணாக்காமல் பயன்படுத்துகிறார்கள். வீலுக்அப் போட்டால் பாதிக்கு மேல் என்/ஏ, அதாவது கிடைக்கவில்லை. ஃபார்முலா தப்பில்லை. மனிதருக்கு ஒன்றாகத் தெரிவது அதற்கு இரண்டாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதை எனக்கு முதலில் புரிய வைத்தது ஆடிட்டர் ஆபீசில் சி.ஏ. படிப்புக்கான ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி பண்ணிக்கொண்டிருந்த ஒரு தம்பி. எந்த ஃபார்முலா போட்டால் வேகமாக முடியும் என்று அவனிடம் கேட்டிருந்தேன். "அக்கா, ஃபார்முலாவை விடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லுங்க பார்ப்போம்" என்றான். யோசித்துப் பார்த்தால் மூன்று இருந்தன. பார்ட்டியின் ஜிஎஸ்டி எண், பில் நம்பரில் உள்ள நிஜமான தொடர் எண், வரித் தொகை. மற்ற எல்லாமே அலங்காரம். இந்த மூன்றையும் இரண்டு ஷீட்டிலும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், அதற்கப்புறம் எதைப் போட்டாலும் வேலை செய்யும்.

ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. சில விஷயங்களை எந்த வகுப்பிலும் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இணையத்திலிருந்து காப்பி பண்ணிய எழுத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். அது சாதாரண ஸ்பேஸ் இல்லை, 160ஆம் எண் எழுத்து. இடைவெளியை நீக்கும் ட்ரிம் ஃபார்முலா போட்டால் போகாது. ஓர் எழுத்தை இன்னொன்றாக மாற்றும் சப்ஸ்டிட்யூட்டில் அந்த எண்ணைச் சொல்லி எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்து பான் நம்பர். பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ எழுத்தைப் போட்டு ஏற்றியிருந்தால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நீளம் 15 இருக்கிறதா, பான் பகுதியில் நான்கு எண் வரவேண்டிய இடத்தில் எண்தான் இருக்கிறதா என்று முதலில் ஒரு சோதனை ஓட்டிவிடுகிறேன். டேலியிலிருந்து லெட்ஜரை எக்ஸெலுக்கு எடுத்தால் தொகைக்குப் பக்கத்தில் டெபிட், கிரெடிட் என்று தெரியும் அல்லவா? அந்த எழுத்து செல்லுக்குள் இல்லை, ஃபார்மேட்டில்தான் இருக்கிறது. ஃபார்முலாவுக்கு இரண்டும் ஒரே எண். கூட்டிப் பார்த்துவிட்டு எங்கே போச்சு பணம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்புறம் தேதி. பில் நம்பர் 8-11 என்று எக்ஸெலில் அடித்தால் அது நவம்பர் 8 என்று எடுத்துக்கொள்ளும். பயந்துபோய் நம்பர் ஃபார்மேட்டுக்கு மாற்றினால் 45604 என்பது போல ஐந்து இலக்கத்தில் ஏதோ ஒன்று நிற்கும். முன்கூட்டியே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவைத்துவிட வேண்டும். இதில் நமக்குத் துணைக்கு விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்திருந்த மனித மரபணுக்களை எக்ஸெல் விடாமல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிவிட்டதாக 2020இல் செய்தி வந்தது. எக்ஸெலை மாற்றுவதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது.

சம்பள லிஸ்டிலும் இதே சிக்கல்தான். எக்ஸெலுக்கு எண்ணில் 15 இலக்கம்தான் நினைவிருக்கும். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். சரி, டெக்ஸ்டாகவே அடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கு இரண்டு பேருக்கு இருக்கிறதா என்று, எத்தனை முறை வருகிறது என எண்ணும் கவுண்ட்இஃப் போட்டுப் பார்த்தால், அது உள்ளுக்குள் மறுபடியும் எண்ணாக்கித்தான் ஒப்பிடுகிறது. முதல் 15 இலக்கம் ஒத்திருந்தால் இரண்டும் ஒன்று என்று சாதிக்கும். தேட வேண்டிய எண்ணுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்தால் எழுத்தாக ஒப்பிடும்.

இவ்வளவையும் மாதாமாதம் கையால் செய்துகொண்டிருந்தால் ஃபார்முலா தெரிந்தும் பலனில்லை. இங்கேதான் பவர் கொயரி வந்தது. 2016 எக்ஸெலிலிருந்து டேட்டா மெனுவிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம். எத்தனையோ பேருடைய கம்ப்யூட்டரில் தொடப்படாமல் கிடக்கிறது. அது செய்வது இதுதான்: ஃபைலைத் திறந்து, மேலே உள்ள தேவையில்லாத வரிகளை நீக்கு, தலைப்பைச் சரிசெய், இந்த எழுத்தை எடு, அந்த இரண்டு நெடுவரிசையைச் சேர் என்று நாம் செய்யும் ஒவ்வொன்றையும் வரிசையாகக் குறித்துவைத்துக்கொள்ளும். மூல ஃபைலைத் தொடவே தொடாது. அடுத்த மாதம் அதே ஃபோல்டரில் புது 2பியைப் போட்டு ரிஃப்ரெஷ் கொடுத்தால் அத்தனையும் தானே நடக்கும். 2பி ஷீட்டில் தலைப்பே இரண்டு அடுக்காக, செல்களை மெர்ஜ் செய்து கொடுத்திருப்பார்கள். அதைப் பிரித்துச் சரிசெய்வதே முன்பெல்லாம் தலைவலியாக இருக்கும். இப்போது அதை நினைப்பதே இல்லை.

அதற்கும் சில குணங்கள் உண்டு. ஃபைலை உள்ளே எடுத்தவுடன் அதுவாகவே ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எண், தேதி என்று வகை பிரித்து ஒரு ஸ்டெப் சேர்த்துவிடும். 0145 அங்கேயே 145 ஆகிவிடும். நான் முதல் வேலையாக அந்த ஸ்டெப்பை அழித்துவிட்டு, பில் நம்பரை டெக்ஸ்ட் என்று நானே சொல்லிவிடுவேன். முன்பூஜ்யத்தை எடுக்க வேண்டுமானால் நான் சொல்லும் இடத்தில் எடுக்கட்டும். இன்னொன்று, இரண்டு டேபிளை இணைக்கும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். வீலுக்அப் அதைக் கண்டுகொள்ளாது. அதனால் இரண்டு பக்கமும் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிய பிறகே இணைக்கிறேன்.

பில் நம்பரிலிருந்து இலக்கத்தை மட்டும் பிரித்தெடுக்கச் சொல்லலாம்தான். ஆனால் 145/23-24 என்பது 1452324 ஆகிவிடும். முதலில் நிதியாண்டை வெட்ட வேண்டும். ஹைஃபன் இல்லாமல் 2324 என்று எழுதுகிற பார்ட்டியும் உண்டு. கண்மூடித்தனமாக 2324ஐ எங்கே பார்த்தாலும் நீக்கு என்று சொன்னால், நிஜமாகவே பில் நம்பர் 2324 போட்ட பார்ட்டியின் பில் காலியாக வந்து நிற்கும். எல்லாப் பார்ட்டிக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே விதி எழுதப் பார்ப்பது வீண்வேலை. பெரிய பார்ட்டிகளுக்கு மட்டும் ஒரு சின்ன டேபிளில் யார் எப்படி நம்பர் போடுகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறேன். மீதிக்கு இரண்டாவது சுற்றில் ஜிஎஸ்டி எண்ணும் வரித் தொகையும் ஒத்துவந்தால், ஒரு ரூபாய் வரை வித்தியாசத்தை ரவுண்டிங் என்று விட்டு, அதன்படி சேர்க்கிறேன். அதிலும் சேராதவை கண்ணால் பார்க்க. இந்தக் கடைசிக் கூட்டம் இப்போது ஒரு பக்கத்துக்குள் அடங்குகிறது.

முழு வேலையின் பலன் அந்தச் சேராத லிஸ்டில்தான் இருக்கிறது. பவர் கொயரியில் இணைக்கும்போது ‘ஆன்டி’ என்று ஒரு வகை உண்டு. ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாதவற்றை மட்டும் எடுத்துக் கொடுக்கும். 2பியில் இருந்து டேலியில் இல்லாதவை என்றால் பெரும்பாலும் பேங்க் சார்ஜ், கூரியர், நமக்குப் பில்லே வந்துசேராத லேபிள்காரர். டேலியில் இருந்து 2பியில் இல்லாதவை என்றால் உடனே பார்ட்டிக்குப் போன் போட்டுச் சத்தம் போடக் கூடாது. 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம் என்று 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. நம் ஊர் சின்ன நிட்டிங், எம்பிராய்டரி யூனிட்களில் நிறைய பேர் அந்த முறையில் இருக்கிறார்கள். அவர்களாக நடுவில் பில்லை ஏற்றினால் ஒழிய காலாண்டு முடிந்துதான் வரும். அதனால் பார்ட்டி லிஸ்டில் மாதமா, காலாண்டா என்று ஒரு குறிப்பும் வைத்துக்கொண்டேன். போன் போட வேண்டியவர்கள் யார் என்று தானே பிரிந்துவிடுகிறது. "போன மாசமே போட்டாச்சுங்க மேடம்" என்பவர்களிடம் பில் நம்பரோடு பேச முடிகிறது.

எங்கே படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: அடிப்படை தெரியாவிட்டால் பக்கத்தில் உள்ள ஏதாவது சென்டர் போதும். தெரிந்தவர்கள் ஃபீஸ் கட்டுவதற்கு முன் பவர் கொயரி சொல்லித்தருவீர்களா, என் சொந்த ஷீட்டைக் கொண்டுவந்து கேட்கலாமா என்று கேளுங்கள். டேஷ்போர்டைப் பற்றியே பேசினால் கிளம்பிவிடுங்கள்; மீட்டர் முள் மாதிரி ஆடும் சார்ட்டை எங்கள் முதலாளி ஒருமுறை பார்த்துவிட்டு, "இதுல டையிங்காரனுக்கு எவ்வளவு பாக்கின்னு எங்க இருக்குதுங்?" என்று கேட்டார். யூடியூபில் தமிழிலேயே நன்றாகச் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். ஆபீசில் எந்த வருட எக்ஸெல் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்லுக்அப் வீலுக்அப்பைவிட எவ்வளவோ மேல், இடப்பக்கமும் தேடும். ஆனால் 2021, அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் 365இலும்தான் உண்டு. அதைப் போட்ட ஃபைலை 2016 வைத்திருக்கும் ஆடிட்டருக்கு அனுப்பினால் அங்கே ஃபார்முலா வேலை செய்யாது.

இப்போது சைஸ் வாரியான புரொடக்‌ஷன் ஷீட்டில் இறங்கியிருக்கிறேன். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று பக்கவாட்டில் நீளும் நெடுவரிசைகளை ‘அன்பிவட்’ கொடுத்து நீளவாக்கில் திருப்பிவிட்டால், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எதில் எத்தனை பீஸ் குறைந்தது என்று பிவட்டில் உடனே தெரிகிறது. ஃப்ளோர் சூப்பர்வைசர் அண்ணாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பழையபடி கலர் பெயரை மெர்ஜ் செய்து, மஞ்சள் அடித்த ஷீட்தான் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்ட வசதி என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். அவருக்கு ஒட்டுவதற்கு அந்த ஷீட், எனக்குக் கணக்குக்கு இந்த ஷீட் என்று முடிவாகியிருக்கிறது. அவர் ஷீட்டும் என் டேபிளிலிருந்துதான் வருகிறது.