மல்லி விலை

ஜனவரி 5

ஆய்வேட்டுத் தலைப்புக்கு ஒருவழியாகச் சம்மதம் கிடைத்துவிட்டது. மல்லி விலைச் செய்தி மார்க்கெட்டிலிருந்து தோட்டம் வரைக்கும் எப்படி வந்து சேருகிறது என்று பார்க்கப் போகிறேன். ஊடகவியல் முதுகலையில் மற்றவர்கள் யூடியூப், இன்ஸ்டாகிராம் என்று எடுத்திருக்கிறார்கள். மதுரை செக்கானூரணிப் பக்கம் பிறந்த எனக்கு, விடிந்ததும் காதில் விழும் முதல் செய்தியே பூ விலைதான். இதைவிட நல்ல தலைப்பு எனக்குக் கிடைக்காது.

ஜனவரி 9

விடியற்காலை நாலரைக்கே தோட்டத்தில் இருந்தேன். நல்ல பனி. நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு எட்டுப் பெண்கள் பறிக்கிறார்கள். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் காம்போடு கிள்ளுகிற சத்தம் கூடக் கேட்டது.

பக்கத்தில் நின்ற பெரியம்மாவிடம் முதல் கேள்வியைப் படித்தேன்: "நீங்கள் எந்த ஊடகத்தின் வாயிலாக விலை நிலவரத்தை அறிகிறீர்கள்?"

"ஊடகம்னா என்ன தாயி?"

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு வருடமாக நாள் முழுக்கப் புழங்கிய சொல்.

ஆறு மணி வாக்கில் ஒரு அக்காவின் போனுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடையிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. சில நொடிதான். கேட்டதும் அவர் குரல் கொடுத்தார்: "மல்லி ரெண்டாயிரத்து நூறாம்!" கடைசி வரிசைக்குப் போகும்போது அது "ரெண்டாயிரத்துக்கு மேல" ஆகிவிட்டது. என் கண்முன்னால் ஒரு செய்தி உருமாறியதைப் பார்த்தேன்.

ஜனவரி 10

22 கேள்விகளையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். தினத்தந்தியை சி. பா. ஆதித்தனார் 1942இல் தொடங்கியது இதே மதுரையில்தான். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்று எழுதப்பட்ட பத்திரிகை அது. பரீட்சைக்காகப் படித்தபோது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. இப்போது முதல் கேள்வி இப்படி: "பூ விலையை உங்களுக்கு யாரு சொல்றா?"

ஜனவரி 12

இரவு, ஊடக ஆய்வாளர் லாசர்ஸ்ஃபெல்டின் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஓஹியோவின் ஈரி மாவட்டத்தில் அவரும் கூட்டாளிகளும் சுமார் 600 பேரைத் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேசினார்கள். ரேடியோவிலும் பத்திரிகையிலும் வருவதை ஊரில் சிலர் கவனித்து, அவர்கள் வழியாக மற்றவர்களுக்குப் போகிறது என்பதுதான் அங்கே பிறந்த இரண்டு படி ஓட்டக் கோட்பாடு. அந்த அக்காவை அதில் அப்படியே வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் விலையைச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. "இன்னைக்கு வெரசாப் பறிங்க, ஏழுக்கு மேல வெல இறங்கிரும்" என்கிறார். உடனே எட்டுப் பேரின் கையும் வேகமாகிறது.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து இன்றுதான் போனேன். புதுக் கேள்விகள் நன்றாகவே போயின. யாரும் தயங்கவில்லை. அதே பெரியம்மாவிடம், "விலை ஏறுச்சுன்னு கேட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றேன். சேலை மடியிலிருந்த மொட்டுகளைக் கூடையில் கொட்டிக்கொண்டே சொன்னார்: "வெல ஏறுனாலும் இறங்குனாலும் பறிகூலி ஒண்ணுதான தாயி."

தோட்டத்துக்காரரின் பூவுக்குத்தான் அந்த விலை. இவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று முன்னமே பேசிய கூலி. செய்தி இவர் காது வரைக்கும் வருகிறது, கை வரைக்கும் வரவில்லை. என் கேள்வித்தாளில் கூலி பற்றி ஒரு வரி இல்லை. பஸ்ஸிலேயே 23ஆவது கேள்வியை எழுதினேன். நாளைக் காலை முதல் ஆளாக அவரிடம்தான் கேட்கப் போகிறேன்.