பால் வத்துன இடம்

எங்கள் தோட்டத்துக்கு மாதா மாதம் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பொண்ணு, போன ஆடியில் என்னிடம் சொன்னாள்: "அக்கா, ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸ் கையாலேயே மார்பகத்தப் பரிசோதிச்சுப் பாக்கறாங்க. முப்பது தாண்டினவங்க எல்லாரும் வரோணும். பாட்டியையும் கூட்டிட்டு வாங்க."

வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்த என் மாமியாருக்குச் சிரிப்பு. "எனக்கெதுக்கு சாமி? பால் வத்தி நாப்பது வருசமாச்சு. அதுல இனி என்ன வரப்போகுது?"

அத்தைக்கு 70. பால் கொடுக்கிற வயசில்தான் அங்கே சீக்கு வரும் என்பது அவர் கணக்கு. எங்கள் ஒறம்பரையில் பாதிப்பேர் கணக்கும் அதுதான். நிஜம் நேர்மாறு, வயசு ஏற ஏறத்தான் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் ஏறுகிறது. தாராபுரம் பக்கம் ஒரு பெரியம்மா 74 வயதில், கட்டி புண்ணாகி வாடை வந்த பிறகுதான் மகளிடமே வாயைத் திறந்தார். அதுவரை மஞ்சளும் வேப்பெண்ணெயும்தான் வைத்தியம்.

அத்தையின் அம்மா, எங்கள் அமுச்சி, காலமெல்லாம் ரவிக்கையே போடாதவர். அந்தக் காலத்தில் யாருக்காவது அங்கே ஒரு மாற்றம் என்றால் களை வெட்டும்போதே பக்கத்து ஆள் கண்ணில் பட்டிருக்கும். ரவிக்கை போட்ட தலைமுறைக்குத்தான் எல்லாம் ரகசியமாகிவிட்டது.

ஐப்பசியில் எங்கள் ஜெர்சி மாட்டுக்கு மடிநோய் வந்தது. கால்நடை டாக்டர் வருவதற்கு முன்பே, பால் பீய்ச்ச உட்கார்ந்த அத்தை கை வைத்ததும் சொல்லிவிட்டார்: "பின்னங்காம்பு சூடா இருக்குது, உள்ள கல்லு கட்டியிருக்குது." சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து மடியில் பூசிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்: "ஏனுங்கத்தை, மாட்டு மடியத் தெனமும் ரெண்டு நேரம் தொட்டுப் பாக்கறீங்க. உங்களுத என்னைக்காச்சும் பாத்திருக்கீங்களா?"

பதில் இல்லை. ராத்திரி சோறு போடும்போதுதான் வந்தது: "நீயும் காட்டினா நானும் காட்டறேன் கண்ணு."

சரி, கையால் பார்ப்பதோடு நிற்காமல் மார்பகத்துக்கான எக்ஸ்ரே, மேமோகிராமே எடுத்துவிடுவோம் என முடிவு செய்து, காங்கேயத்தில் பஸ் ஏறிப் பல்லடம் வழியாகக் கோயமுத்தூர் சிங்காநல்லூரில் இறங்கினோம். ஆளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். வெளியூருக்குப் போகிறோமே என்று அத்தை பவுடரைத் தாராளமாகப் பூசி வந்திருந்தார். ஸ்கேன் எடுக்கும் பெண் ஈரத்துணி கொடுத்து அக்குள் வரை துடைக்கச் சொன்னார். பவுடர் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுமாம். கழுத்துச் சங்கிலியையும் கழற்றவேண்டியிருந்தது. அதற்குத்தான் அத்தைக்கு அதிக வெசனம், என் கையில் கொடுத்து மூன்று தடவை எண்ணிப்பார்ப்பதுபோல் பார்த்தார்.

நின்றுகொண்டே எடுப்பது. ஒரு தட்டில் மார்பகத்தை எடுத்து வைத்து, மேலே இன்னொரு தட்டு இறங்கி அழுத்துகிறது. மூச்சைப் பிடிக்கச் சொல்லிச் சில நொடி. பக்கத்துக்கு இரண்டு என்று நாலு படம். தட்டையாக அழுத்தினால்தான் படம் தெளியும், கதிர்வீச்சும் குறைவாகப் போதும். எனக்கு நன்றாகவே வலித்தது. அத்தைக்கு வலியைவிட, பிடித்துப்போன தோள்பட்டையைத் தூக்குவதுதான் பெரும்பாடு. வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மெதுவாகச் செய்வார்கள்.

டாக்டரம்மா இரண்டு பேர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 47 வயசான என்னுடையது மார்கழிப் பனிமூட்டம். கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும் என்பதால் அதற்குள் எதையும் கண்டுபிடிப்பது சிரமமாம், என்னை அல்ட்ராசவுண்டுக்கு அனுப்பினார். அத்தையுடையது அறுப்பு முடிந்த காடு. வயசானால் சதை கொழுப்பாக மாறிக் கறுப்பாகத் தெரிகிறது, அதில் ஒரு ஆட்டுக்குட்டி நின்றாலும் கண்ணுக்குத் தப்பாது. அப்படி ஒன்று நின்றது, இடப்பக்கம் பொரி மாதிரி.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. டாக்டரம்மா சிரித்தார். எப்போதோ இருந்த சாதாரணக் கட்டி, மாதவிலக்கு நின்றபின் வற்றி, சுண்ணாம்பு படிந்து கிடக்கிறதாம். ஒன்றும் செய்யவேண்டாம்.

"மாட்டுக்கு வெளிய பூசறோம். எனக்கு உள்ளயே இருக்குதாக்கும் சுண்ணாம்பு" என்றார் அத்தை.

எனக்கும் அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை. அப்புறம் அமுச்சியைப் பற்றிக் கேட்டேன். 89 வயசு, இதயம் பலவீனம், நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அறிகுறியே இல்லாதவருக்கு இப்படித் தேடிக் கண்டுபிடிப்பதன் பலன் கைக்கு வரப் பத்து வருசம்போல ஆகும். அதற்குள் அவரை ஒன்றும் செய்யாத மந்தமான கட்டியைத் தோண்டியெடுத்து, ஊசி, ஆபரேஷன் என்று அலைக்கழிப்பதுதான் மிச்சம். அமெரிக்காவின் 2024 பரிந்துரையும் 40 முதல் 74 வரை இரண்டு வருசத்துக்கு ஒருமுறை என்கிறது, 75-க்கு மேல் போதிய ஆதாரம் இல்லை என்று நிறுத்திக்கொள்கிறது. நம் தேசியத் திட்டத்தில் கையால் பார்ப்பதே 30 முதல் 65 வரைதான். ஆனால் கட்டியோ, காம்பு உள்ளிழுத்தலோ, ரத்தக் கசிவோ தெரிந்தால் 89 ஆனாலும் காட்டவேண்டும். அந்த வயசில் வருவது பெரும்பாலும் மாத்திரைக்கே கட்டுப்படும் வகை என்பதால், ஆபரேஷன் தாங்காதவருக்கும் வழி இருக்கிறதாம்.

அமுச்சிக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடுவது நான்தான். இப்போதெல்லாம் கை அக்குள் வரை போய்க் கொஞ்சம் நின்று வருகிறது.

"அங்க என்னத்தத் தேடறே?" என்கிறார் அமுச்சி.

"ஒண்ணுமில்லீங் அமுச்சி. கையத் தூக்குங்க."