பொள்ளாச்சியில் ஜிப்சம் பேனல் வீடு: கட்டி முடித்தவன் சொல்வது

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் திண்ணையில் ஏறியதும் விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார்கள். தெருவில் இதற்கு "அட்டை வீடு" என்று பெயர். தட்டிப் பார்த்தபின், "நம்மளும் இப்படிக் கட்டலாமுங்களா?" என்று கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த முறைக்கு நாங்கள் போனதற்கு முதல் காரணம் தண்ணீர். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரங்கள் மட்டை தொங்கி நின்றன. எங்கள் கிணற்றில் அரை மணி நேரம் மோட்டார் ஓடினால் காற்று வாங்கிவிடும். அந்த நேரத்தில்தான் வீடு கட்டக் கடனுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். செங்கல்லை நனைக்க, கட்டின சுவருக்கு வாரக்கணக்கில் ஊற்ற, பூச்சுக்கு மறுபடி ஊற்ற என்று மேஸ்திரி கணக்குச் சொன்னதும் அப்பா எழுந்துவிட்டார். "தென்னைக்கே தண்ணியக் காணோம், சுவத்துக்கு ஊத்திட்டு இருக்கறதா?" ஆற்று மணலும் அப்போது கிடைக்கவில்லை. கிடைத்த எம்-சாண்டில் பாதி வெறும் கிரஷர் தூள்.

சிவில் படித்த என் மாமா பையன்தான் ஜிஎஃப்ஆர்ஜி பேனல் பற்றிச் சொன்னான். கண்ணாடி இழை சேர்த்து வார்த்த ஜிப்சம் பலகை. 1990-களில் ஆஸ்திரேலியாவில் வந்த முறை. சென்னை ஐஐடியில் இதை வைத்து ஆராய்ச்சி செய்து, 2013-இல் வளாகத்துக்குள்ளேயே இரண்டடுக்கு மாதிரிக் கட்டடம் ஒன்றை ஏறக்குறைய ஒரே மாதத்தில் எழுப்பியிருக்கிறார்கள். சுவர் மட்டுமில்லை, தளமும் பேனல்தான். பேனல் வார்க்கும் ஆலை அப்போது நமக்குப் பக்கத்திலேயே, கொச்சியில் இருந்தது.

இந்த ஜிப்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தபோது எனக்கு மனசு ஒட்டிக்கொண்டது. உர ஆலையில் பாஸ்பாரிக் அமிலம் ஒரு டன் எடுத்தால் சுமார் 5 டன் ஜிப்சம் கழிவாக விழுகிறது. வருஷக்கணக்காக அது ஆலைக்குப் பின்னால் வெள்ளை மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதைக் கழுவி, 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் நீரில் ஒரு பங்கு ஆவியாகி, வார்க்கிற பவுடர் ஆகிவிடும். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் சுட வேண்டும், சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு கிளம்பும். செங்கல்லுக்கு வண்டல் மண்ணும் வேண்டும், சூளைக்கு விறகும் வேண்டும். நாங்கள் பயிர் வைக்கிறவர்கள். மேல்மண்ணைச் சுட்டுச் சுவராக்குவது அப்பாவுக்கு எப்போதுமே உறுத்தல்தான்.

இந்தக் கழிவில் கதிரியக்கம் இருக்குமே என்று பெரிய மாமா கேட்டார். நியாயமான கேள்வி. பாஸ்பேட் பாறையிலேயே கொஞ்சம் ரேடியம் உண்டு. அதனால்தான் கட்டடத்துக்குப் போகும் ஜிப்சத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது, கிராமுக்கு 1 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). சோதனை அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் நாங்கள் முன்பணம் கட்டினோம். யார் கட்டினாலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடனுக்கு முதலில் போன வங்கியில், விண்ணப்பப் படிவத்தில் "செங்கல்" என்றும் "கான்கிரீட்" என்றும் இரண்டு கட்டம்தான் இருந்தது. ஜிப்சம் என்றதும் ஃபால்ஸ் சீலிங் என்று நினைத்துவிட்டார்கள். ஆறு வாரம் இழுத்து, முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது வங்கிக்குப் போகும்போது மத்திய அரசின் கட்டுமானப் பொருள் மேம்பாட்டுக் குழுமமான பிஎம்டிபிசி வெளியிட்ட வடிவமைப்புக் கையேட்டையும், எங்கள் இன்ஜினீயர் கையெழுத்திட்ட கட்டமைப்புக் கணக்கையும் எடுத்துப் போனோம். மதிப்பீட்டுக்கு வந்தவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தார். சுவருக்குள் கம்பியும் கான்கிரீட்டும் போகிறது என்று காட்டிய இடத்தில்தான் அவருக்குத் திருப்தி வந்தது.

இனி பேனல். முழு அளவில் ஒரு பேனல் 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், கனம் 124 மில்லிமீட்டர். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தியதுபோல் உள்ளே கூடு கூடாக இருக்கும். மீட்டருக்கு நாலு கூடு. இருபக்கமும் 15 மில்லிமீட்டர் தோல், நடுவில் தடுப்பு. சதுர மீட்டருக்கு 44 கிலோ, ஆக முழு பேனலே சுமார் 1,600 கிலோதான். வரைபடத்தைக் கொடுத்தால் கதவு, ஜன்னலுக்கு இடம் விட்டு ஆலையிலேயே அறுத்து, ஒவ்வொன்றிலும் எண் போட்டு அனுப்புவார்கள்.

இந்த வரைபடம்தான் வீட்டின் உயிர். செங்கல் வீட்டில் ஜன்னலை அரை அடி தள்ளி வை என்று கட்டும்போது சொல்லலாம். இங்கே அறுத்தது அறுத்ததுதான். எங்கள் இன்ஜினீயர் முதல்நாள் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுமனையை விட்டுவிட்டுத் தெருவை அளந்தார். பிள்ளையார் கோயில் முக்கில் 12 மீட்டர் பேனலோடு வண்டி திரும்பாது. அதனால் எந்தத் துண்டும் 6 மீட்டருக்கு மேல் போகாதபடி வரைபடத்தை மாற்றினார். சுவிட்ச் எங்கே, ஃபேன் எங்கே, ஏசி துளை எங்கே என்று எல்லாவற்றையும் கேட்டார். சொன்னோம். அம்மாவிடம் மட்டும் யாரும் சரியாக உட்கார்ந்து கேட்கவில்லை. கிரைண்டர் வைக்கும் மூலையில் பிளக் பாயின்ட் விட்டுப்போனது. கூடுகளுக்கு நேர் மேலாகக் குழாய் இறக்கலாம், குறுக்கே வெட்டக் கூடாது. தடுப்புகள் அறுந்தால் சுவரின் பலம் போய்விடும். அந்த மூலையில் இன்றைக்கும் சுவருக்கு வெளியே பிளாஸ்டிக் பட்டைக்குள் ஒயர் போகிறது. அம்மா ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தம்தான்.

ஆவணியில் பூமி பூஜை. அஸ்திவாரம் வழக்கமான கருங்கல் அஸ்திவாரம்தான், அதன் மேலே சுவர்களைத் தாங்கும் கான்கிரீட் உத்தரமான பிளிந்த் பீம். பீமிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கம்பிகள் ஒவ்வொன்றும் மேலே வரப்போகும் பேனலின் கூட்டுக்குள் சரியாக நுழைய வேண்டும். கம்பி கட்டியவர் அனுபவசாலி, ஆனால் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு அளந்துகொண்டே போனார். ஒவ்வொன்றிலும் ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தால் பத்தாவதில் ஐந்து சென்டிமீட்டர். மேற்குச் சுவரில் இரண்டு கம்பி நேராகத் தடுப்புக்கு அடியில் வந்து நின்றது. அவற்றை அறுத்துவிட்டு, சரியான இடத்தில் பீமைத் துளைத்து ரசாயனப் பசை வைத்துப் புதுக்கம்பி நட்டோம். ஒரு நாள் வீண். எல்லா அளவையும் ஒரே மூலையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், கான்கிரீட் போடுவதற்கு முன் நீங்களே ஒருமுறை டேப் பிடித்துப் பாருங்கள்.

ஐப்பசி முதல் வாரம் வாளையார் வழியாக லாரிகள் வந்தன. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து அரைநாள் மின்சார லைனை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கிரேனைக் கொண்டுவந்து நிறுத்தினோம். பேனலைக் கவ்வி மேலே தூக்கும்போது அது காற்றில் லேசாகத் திரும்பும், இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து அதைத் தணிப்பார்கள். கம்பிகளின் மேல் மெல்ல இறக்கி, தூக்குக்குண்டு விட்டு, இருபக்கமும் சாய்முட்டு கொடுத்து நிறுத்தினார்கள். மூன்று நாளில் 900 சதுர அடி வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வேலி ஓரம் நின்றார்கள்.

மேஸ்திரி மட்டும் முகம் வாடி நின்றார். "பூச்சு வேலையே இல்லீங்களா? அப்ப எனக்கு என்ன வேலைங்க?" பதினைந்து வருஷமாக எங்கள் குடும்பத்துக்கு வேலை செய்கிறவர். கூட்டுக்குள் கான்கிரீட் நிரப்பும் பொறுப்பை இன்ஜினீயர் அவரிடமே கொடுத்தார். வீட்டின் பலமெல்லாம் அந்த வேலையில்தான் இருக்கிறது. மாடி எழுப்பும் எண்ணம் இருந்ததால் எல்லாக் கூட்டையும் எம்20 தரக் கான்கிரீட்டால் நிரப்புவது என்று முடிவு. தனி வீட்டுக்கு மூன்று கூட்டுக்கு ஒன்றில் மட்டும் கம்பியும் கான்கிரீட்டும் வைத்து, மீதியைக் கல்தூளோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து நிரப்பினாலும் போதும் என்கிறது கையேடு. அப்படிச் செய்தால் சிமெண்ட் இன்னும் குறையும்.

முக்கால் ஜல்லி இதற்கு ஆகாது, சின்ன ஜல்லிதான். கூடு ஒன்றுக்கு 65 லிட்டர் பிடிக்கும். மூன்று மீட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றினால் ஈரக் கான்கிரீட் தள்ளும் வேகத்தில் அந்த மெல்லிய தோல் வெடித்துவிடும். மீட்டர் அளவுக்கு ஊற்றி, கம்பியால் குத்தி, கொஞ்சம் இறுகவிட்டு அடுத்தது. மேஸ்திரி ஒவ்வொரு கூட்டுக்கும் சாக்பீஸில் எண் போட்டு, எத்தனை சட்டி இறங்கியது என்று சுவரிலேயே கோடு கிழித்து வைத்தார். அது யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவராகச் செய்தது.

நிரப்பிய மறுநாளிலிருந்து அப்பா தினமும் காலையில் ஒரு சின்னச் சுத்தியலின் மரப்பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நிரம்பிய இடம் "தொப்" என்று அடங்கும், காலி இடம் "டொக்" என்று எதிரொலிக்கும். கூடத்துக் கதவு நிலைக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு "டொக்". தேங்காய் பறிக்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிற காது அவருக்கு. இன்ஜினீயர் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். மேஸ்திரியின் கோட்டை எண்ணினால், அந்தக் கூட்டில் இரண்டு சட்டி குறைவு. உள்ளங்கை அகலத்துக்குத் தோலை அறுத்தோம். உள்ளே ஒரு கம்பியும், இரண்டு மின்குழாயும் நெருக்கிக்கொண்டு நின்றன. ஜல்லி அதற்கு மேலே சிக்கி, கீழே தேங்காய் அளவுக்குப் பொந்து. சுத்தம் செய்து, கிரவுட் என்கிற சுருங்காத சிமெண்ட் கலவையை அடைத்து மூடினோம். கம்பி இருக்கும் கூட்டில் மின்குழாயை இறக்காதீர்கள், பக்கத்துக் கூட்டில் விடுங்கள். அப்பா தட்டாமல் இருந்திருந்தால் அந்தப் பொந்து அங்கேயே இருந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

தளத்துக்கும் அதே பேனலைப் படுக்கவைத்தார்கள். மூன்று கூட்டுக்கு ஒன்றின் மேல்தோலை அறுத்து, அதற்குள் கம்பிக்கூடு இறக்கி, மேலே வெல்ட் மெஷ் என்கிற கம்பிவலை விரித்து 50 மில்லிமீட்டர் கான்கிரீட். சென்ட்ரிங் பலகை முழுக்க அடிக்க வேண்டியதில்லை, வரிசையாகக் கொஞ்சம் முட்டு போதும். இரண்டு டேங்கர் தண்ணீர் வாங்கித் தளத்தின்மேல் பாத்தி கட்டி நிறுத்தினோம். வீடு முழுக்க ஊறவைத்தது அந்தத் தளத்துக்கு மட்டும்தான், சுவருக்கு ஒரு குடம்கூட ஊற்றவில்லை. சுவரில் பூச்சும் இல்லை, பட்டி பார்த்து நேராகப் பெயின்ட்.

தையில் பால் காய்ச்சினோம். 2018 ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் அடித்துக் கொட்டியபோதுதான் இந்த வீட்டுக்கு உண்மையான சோதனை. மேற்கு ஜன்னல் ஒன்றின் கீழ்மூலையில் ஈரம் படர்ந்தது. ஜிப்சத்துக்குத் தண்ணீர்தான் பகை. ஜன்னல் சட்டத்துக்கும் பேனலுக்கும் இடையில் அடைத்த சீலன்ட் ஒரு விரற்கடை விட்டுப்போயிருந்தது. சுரண்டி எடுத்து, காயவிட்டு, மறுபடி அடைத்ததும் நின்றது. சன்ஷேடை இன்னும் அரை அடி நீட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பிளிந்துக்கு மேலே, குளியலறையைச் சுற்றி, பேனல் சேரும் இடங்களில், இந்த மூன்றிலும் நீர்த்தடுப்பு வேலையில் காசு பார்க்காதீர்கள்.

செலவு மிச்சமா என்று கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தனி வீடு ஒன்றுக்கு லாரி வாடகையும் கிரேன் வாடகையும் மிச்சத்தைத் தின்றுவிட்டன. நாலைந்து பேர் சேர்ந்து கட்டினால் கணக்கு மாறும். எங்களுக்குக் கிடைத்தது நாளும், தண்ணீரும், இடமும். சுற்றுச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல்லாக இருந்திருந்தால் சுவரே தின்றிருக்கும் சுமார் 50 சதுர அடி வீட்டுக்குள் வந்தது. அதில்தான் அம்மாவின் பூஜை அறை இருக்கிறது. மொட்டை மாடி வெயிலில் சுடத்தான் செய்கிறது, வெள்ளை ஓடு பதித்த பிறகு பரவாயில்லை.

இப்போது மாடி எழுப்புகிற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கை குடும்பம் கீழே வரட்டும், நாங்கள் மேலே போகலாம் என்று. இன்ஜினீயர் கொடுத்த வரைபடம் பத்து நாளாகச் சாப்பாட்டு மேசையில் விரிந்து கிடக்கிறது. அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்புப் பேனாவால் பிளக் பாயின்ட் குறித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று வரைக்கும் பதினாறு.