ஹ்யூல் ஹௌசரும் அவர் கையிலிருந்த மைக்கும்

2025 அக்டோபர் 18, சனி

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஹ்யூல் ஹௌசர் இருந்திருந்தால் இன்று அவருக்கு 80 வயது. டென்னசி மாநிலத்து காலட்டின் ஊர்க்காரர். அப்பா ஹெரால்ட், அம்மா ஜூவல். இரண்டு பெயரையும் சேர்த்துப் பிள்ளைக்கு வைத்த பெயர்தான் ஹ்யூல். நாஷ்வில் உள்ளூர்த் தொலைக்காட்சியில் சாதாரண மனிதர்களைப் பற்றிச் செய்திக் கதைகள் சொல்லத் தொடங்கினார். நியூயார்க் வழியாக 1981இல் லாஸ் ஏஞ்சலிஸ் வந்து அங்கேயே நிலைத்துவிட்டார். முதலில் செய்தி நிருபர். 1987 முதல் கேசிஇடி என்ற பொதுத் தொலைக்காட்சியில் சின்னச் சின்னப் படங்கள். 1991இல், கலிஃபோர்னியாவின் ஊர்களையும் மனிதர்களையும் தேடிப் போகும் ‘கலிஃபோர்னியாஸ் கோல்ட்’. அந்த நிகழ்ச்சிக்காகக் கலிஃபோர்னியா மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் அத்தனையிலும் நேரில் பேசிச் சம்மதம் வாங்கினார். 2012 நவம்பரில் சத்தமில்லாமல் ஓய்வு பெற்றார். அடுத்த ஜனவரி 7ஆம் தேதி போய்விட்டார். வயது 67.

பழைய நாடாவைக் கண்டாலும் வியப்பார், பாலத்தைக் கண்டாலும் வியப்பார் என்று அவரை வெள்ளந்தி மனிதராகவே நினைவு வைத்திருக்கிறார்கள். வியப்பு உண்மைதான், அதில் நடிப்பில்லை. ஆனால் அந்த வியப்புக்குள் ஒரு தொழில்முறை இருந்தது. யாரும் அதைச் சரியாக எழுதவில்லை என்ற குறை ரொம்ப நாளாக உண்டு. இந்த வாரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறித்து வைக்கலாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

முதலில் மைக். சட்டையில் குத்தும் காலர் மைக்கை விட்டுவிட்டுக் கையில் பிடிக்கும் மைக்கோடுதான் அவர் எங்கும் போனார். பார்க்கப் பழைய பாணி. காரணம் நடைமுறையானது. காலர் மைக் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதற்குச் சரி. சந்தையில் நிற்கும்போது மூன்றாவதாக ஒரு பாட்டி வந்து, “அது அப்படியில்லை தம்பி” என்று ஆரம்பித்தால் என்ன செய்வது? அவருக்கு மைக் குத்தி, ஒயரை மறைத்து, அளவு பார்த்து முடிப்பதற்குள் பாட்டிக்குச் சொல்ல வந்ததே மறந்துவிடும். கைமைக் என்றால் நீட்டினால் போதும்.

நீட்டுவதில்தான் வித்தை. வாய்க்குக் கீழே, மோவாய்க்குச் சற்று முன்னால், 10 முதல் 15 செ.மீ. தூரம். நேர் எதிரே பிடித்தால் ‘ப’, ‘ட’ வரும்போதெல்லாம் காற்று அடித்து ‘டப் டப்’ என்று கேட்கும். 15 செ.மீ. இருந்தது 30 ஆனால் குரல் 6 டெசிபல் இறங்கும், அதாவது மைக்கில் பாதி வலுவோடுதான் விழும். அதை ஈடுகட்ட ஒலியளவைக் கூட்டினால் குரலோடு பின்னால் போகும் லாரியும் சேர்ந்து ஏறும்.

இன்னொன்று, கேள்வியின் கடைசிச் சொல் வாயில் இருக்கும்போதே மைக் எதிராளி பக்கம் கிளம்பியிருக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால் “ஆமாம்” என்ற பதில் “மாம்” என்று பதிவாகும். அதை எந்த எடிட்டராலும் மீட்க முடியாது.

மைக்கை எதிராளி கையில் கொடுக்கவே கூடாது. முதல் வாக்கியம் வரை வாயருகே வைத்திருப்பார்கள். பேச்சில் சூடு ஏறியதும் கை தொப்புளுக்கு இறங்கிவிடும், அல்லது அதே கையால் மலையைச் சுட்டிக் காட்டுவார்கள். ஒயர் மைக் என்றால் பிடியை ஒட்டி ஒரு சுற்று வளையம் விட்டு விரலில் மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இழுபடும் ஒவ்வொரு தடவையும் கரகரப்பு விழும்.

அக்டோபர் 21, செவ்வாய்

ஒரே கேமரா. பல வருடங்கள் அதைத் தோளில் சுமந்தவர் லூயிஸ் ஃபுவெர்ட்டே. திரையில் முகம் அதிகம் வராது, ஆனால் பெயர் தெரியாத பார்வையாளர் கிடையாது. “லூயி, இதைக் கொஞ்சம் பாரு!” என்று ஹௌசர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பிறகு கலிஃபோர்னியாவில் அதை எல்லோரும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தக் கூப்பாடு செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். ஒரே கேமரா வைத்து வெட்டாமல் எடுக்கும்போது, அடுத்து எங்கே திரும்புவது என்று ஒளிப்பதிவாளருக்கு ஒரு குறிப்பு வேண்டும். கையைச் சொடுக்கினால் படத்தில் விழும், காதில் கிசுகிசுத்தால் பதிவாகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேமரா திரும்ப இரண்டு நொடி கிடைக்கிறது. திரும்பும்போது படம் ஒன்றுமில்லாத சுவரைக் கடந்தாலும் குரல் அதை மூடிக்கொள்கிறது. பார்க்கிறவருக்கோ ஏதோ வரப்போகிறது என்ற ஆவல். தொழில்நுட்பத் தேவை ஒன்று பேச்சாகவே மாறிவிட்டது. எனக்கு அவரிடம் மிகப் பிடித்த இடம் இது.

இப்படி எடுக்கக் கேமராமேன் கிட்டே நிற்க வேண்டும், லென்ஸ் அகலத்தில் இருக்க வேண்டும். தூர நின்று ஜூம் செய்தால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், ஃபோகஸ் தவறும், நடுவில் யாராவது குறுக்கே போவார்கள். அகல லென்ஸில் மூன்றடி தள்ளி நின்றால் இரண்டு முகமும் மைக்கும் அடங்கிவிடும், நடந்தாலும் ஆட்டம் தெரியாது.

வெயிலிலிருந்து வீட்டுக்குள் போகும் இடம்தான் கஷ்டம். பகல் வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப 5600 கெல்வினில் வைத்த கேமரா குண்டு பல்பு அறைக்குள் போனதும் முகமெல்லாம் ஆரஞ்சு அடிக்கும், கூடவே இருட்டும். வாசலில் நின்று நாலு வார்த்தை பேச்சு நீண்டால், அதற்குள் வெள்ளையை வெள்ளையாகவே காட்டவைக்கும் வெண்சமன் பித்தானை மாற்றி, லென்ஸுக்குள் வெளிச்சம் விடும் துளையான ஐரிஸை விரலால் மெல்லத் திறந்துவிடலாம். வாசற்படிப் பேச்சு வெறும் உபசாரம் இல்லை.

அக்டோபர் 22, புதன்

பதிலைத் திருப்பிச் சொல்லும் பழக்கம். “இது 1920இல் கட்டியது” என்று ஒருவர் சொன்னால், “1920ஆ! அப்போதிருந்து இங்கேயே நிற்கிறதா?” என்பார். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அவர் பாணியில், செய்திக் கதைகளில் வழக்கமாக வருவதுபோல் அறைக்குள் உட்கார்ந்து பின்னணிக் குரல் எழுதிச் சேர்ப்பது மிகக் குறைவு. ஆண்டு, பெயர், அளவு எதுவானாலும் அந்த இடத்திலேயே, தெளிவான குரலில், மைக்குக்குள் விழுந்தாக வேண்டும். பதில் சொல்கிறவர் முணுமுணுத்தாலும், காற்று அடித்துக்கொண்டு போனாலும், இரண்டாவது முறை ஹௌசர் குரலில் வந்துவிடும். அந்தத் திருப்பிச் சொல்லல்தான் அவருடைய வர்ணனை.

அக்டோபர் 24, வெள்ளி

யானை. அவர் பெயரைச் சொன்னால் நிறையப் பேருக்கு முதலில் நினைவுக்கு வரும் படத்துண்டு. ஓய்வுபெற்ற பயிற்சியாளர் ஒருவர், பல வருடங்களாகப் பார்க்காத தன் பழைய யானையைப் பார்க்க சான் டியேகோ பக்கத்து வனவிலங்குப் பூங்காவுக்கு வருகிறார். பெயர் சொல்லி அழைக்கிறார். அது வருகிறது. மறக்கவில்லை. பழைய வித்தைகளை அவர் சொல்லச் சொல்லச் செய்கிறது.

இந்த இடத்தில் யானையிடமும் அந்தப் பெரியவரிடமும் “இன்னொரு தடவை” என்று கேட்க முடியாது. ஒருவர் வாழ்க்கையில் ஒரு தடவை நடப்பது. கேமரா முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவர் அழைப்பதற்கு முன்பே. முன்னால் ஒரு ஒத்திகை, முன்பேச்சு என்று வைத்திருந்தால் பெரியவர் அந்த நெகிழ்ச்சியை அங்கேயே செலவழித்திருப்பார். முதல் முறை சொல்லும்போது வரும் முகம் இரண்டாம் முறை வராது. “நான் முன்னமே சொன்ன மாதிரி…” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதனால்தான் ஹௌசர் படங்களில் கதவைத் தட்டுவதும் கைகுலுக்குவதும்கூடப் படத்திலேயே இருக்கும்.

அக்டோபர் 26, ஞாயிறு

அவரைப் போலச் செய்கிறவர்கள் தவறவிடுவது ஒன்றுதான். வியப்பை எடுத்துக்கொள்கிறார்கள், காத்திருப்பதை விட்டுவிடுகிறார்கள். பதில் முடியும் முன்பே “அருமை!” என்று விழுந்தால் இரண்டு குரலும் ஒரே மைக்கில் ஒட்டிப் போகும், பிறகு பிரிக்க முடியாது. பதில் முடிந்தபின் மனதுக்குள் மூன்று எண்ண வேண்டும். அந்த மூன்று எண்ணிக்கைக்குள்தான் எதிராளி, “ஆனா ஒண்ணு…” என்று உண்மையில் சொல்ல நினைத்ததைச் சொல்வார்.

கேள்வியும் கண்ணெதிரே இருப்பதைப் பற்றியதாக இருக்கட்டும். “உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் மனிதர் திகைப்பார். “இந்த ஆணி ஏன் வளைந்திருக்கிறது?” என்றால் வாழ்க்கையே வரும்.

அக்டோபர் 27, திங்கள்

தன் நிகழ்ச்சிகளின் டேப்புகளை அவர் ஆரஞ்ச் நகரத்து சாப்மன் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அங்கே டிஜிட்டலாக்கி, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். சரியான நேரத்தில் நடந்த காரியம். காந்த டேப் தானாகவே கெடும். துகள் உதிர்ந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டை அடைக்கும், படத்தில் வெள்ளைக் கீற்றுகள் விழும், ஈரம் ஏறினால் சுருளே ஒட்டிக்கொள்ளும். டேப் நன்றாக இருந்தாலும் ஓட்டும் இயந்திரத்துக்கு உதிரி பாகம் கிடைப்பது வருடா வருடம் அரிதாகிறது. எத்தனையோ உள்ளூர் நிலையங்களின் பழைய செய்திக் கதைகள், மேலே புதிதாகப் பதிந்தே அழிந்திருக்கின்றன.

புதிதாகப் பார்க்கிறவர்கள் யானையிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் முறை பார்க்கும்போது யானையை விட்டுவிட்டு மைக் பிடித்த கையை மட்டும் பாருங்கள்.