மின்னியின் எடை

அக்டோபர் 13
காக்கடீல் கிளியான மின்னியின் காலை எடை 91 கிராம். கொண்டை பாதி சாய்ந்து தளர்வாக இருந்தது, எச்சமும் வழக்கம்போல்தான்.

அக்டோபர் 15
நெஞ்சில் சிறு பொட்டல் தெரிகிறது. இறகு உதிரும் பருவமாக இருந்தால் உடலெங்கும் பரவலாக உதிர்ந்து, புது இறகுகள் உறைக்குள் முள்முள்ளாக முளைத்திருக்க வேண்டும். பறவை தானே பிடுங்கிக்கொள்கிறது என்றால் அலகு எட்டாத தலை மட்டும் பழுதின்றி இருக்கும் என்பதால், மதியம் முழுவதும் அதன் தலையையும் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கழுத்தில் இரண்டு முள்ளிறகுகள் இருக்கின்றன. அதை ஆறுதலாகக் கொள்ளலாமா என்று முடிவுசெய்ய இயலவில்லை. கூடத்துத் தொலைக்காட்சி நள்ளிரவு வரை ஓடுகிற வீட்டில், நாளும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உறங்க வேண்டிய காக்கடீல் எப்படி நிம்மதியாக இருக்கும்? அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வது?

அக்டோபர் 16
89.

அக்டோபர் 17
சொன்னேன். அண்ணி சிரித்தார், பிறகு கூண்டைத் தம் அறைக்கே மாற்றச் சொன்னார். இடமாற்றமும் பறவைக்கு உளைச்சல்தான், ஆனாலும் தீபாவளி வெடிகளுக்கு முன்பே அறை பழகிவிடட்டும். சுவரையொட்டி வைத்து, மூன்று பக்கமும் பருத்தித் துணி போர்த்தினேன். இருளில் திடுக்கிட்டால் கம்பிகளில் மோதிக்கொள்ளும் என்பதால் சிறிய இரவு விளக்கு எரிகிறது. தினைக்கதிரைக் காகிதத்தில் சுருட்டி வைத்தேன். அதைப் பிரித்துத் தின்பதிலேயே அதற்கு மாலை கழிந்தது, எனக்கும்.

அக்டோபர் 19
நள்ளிரவில் தெருவில் வெடித்த அணுகுண்டுக்கு மின்னி கூண்டெங்கும் அடித்துக்கொண்டது. விளக்கைப் போட்டு, கையை உள்ளே நீட்டாமல், தாழ்ந்த குரலில் பேசியபடி நின்றேன். இரத்தம் ஓடும் இளம் இறகு ஒன்று ஒடிந்திருந்தது. சோள மாவை வைத்து அழுத்தியபின் இரத்தம் நின்றது. காலையில் 86.

அக்டோபர் 20, தீபாவளி
காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்று பட்டாசு வெடிக்க அரசு நேரம் ஒதுக்கியிருக்கிறது. எங்கள் தெருவில் எவர் வீட்டிலும் கடிகாரம் இல்லை போலும். புகை உள்ளே வராமல் ஜன்னல்களை அடைத்துவிட்டு, அமர்ந்திருக்கையில் மூச்சுக்கு மூச்சு வால் ஆடுகிறதா என்று அண்ணியும் நானும் முறைவைத்துப் பார்க்கிறோம். ஆடவில்லை.

அக்டோபர் 21
84. பத்து விழுக்காடு குறைந்தால் காத்திருக்கக் கூடாது, அதாவது 82. நோயை மறைத்துக்கொள்வது இரையாகும் உயிர்களின் இயல்பு என்பதால், அது சுறுசுறுப்பாகத் தெரிவதை நான் நம்புவதாக இல்லை. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் சிறு கூண்டைத் திறந்து, உள்ளே தினை தூவி வைத்திருக்கிறேன். தானாக ஏறிப் பழகினால் துரத்திப் பிடிக்க வேண்டியிராது.

அக்டோபர் 22
83. தினைக்கதிரைத் தொடவில்லை. அண்ணி ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறார்.