வீல் டைரி

ஜனவரி 11

ரோபோ போட்டிக்கான டீம் மீட்டிங்ல வேலை பிரிச்சாங்க. எல்லாரும் ஆர்ம், சென்சார், கோடிங்னு பாய்ஞ்சு பிடிச்சுக்கிட்டாங்க, நான் தண்ணி குடிக்கப் போய்ட்டு வர்றதுக்குள்ள மிச்சம் இருந்தது வீல் மட்டும்தான். உருண்டையா இருந்தா போதாதான்னு கேட்டேன், சீனியர் அக்கா ஒரு மாதிரி பார்த்தாங்க. போன வருஷம் நம்ம ரோபோவ எதிர் டீம் பக்கவாட்டுல தள்ளிட்டே போனது ஞாபகம் இருக்கான்னாங்க. இருக்கு. மறக்கக் கூடியதா அது.

இந்த வருஷமும் போட்டி நடக்கற ஃபீல்டு கார்ப்பெட்தான். ரோபோ மொத்தமா 50 கிலோ வரும், ஆறு வீல்.

ஜனவரி 13

கைக்குக் கிடைச்சது நாலு வகை. மெஷின்கள தள்ளிட்டுப் போற ட்ராலில வருமே அந்த மாதிரி கெட்டி ரப்பர் வீல், அலுமினிய ரிம்மு மேல நைட்ரைல்ங்கற ரப்பர் பட்டை மாட்டினது, கையில எடுத்தாலே ஒட்டுற சிலிகான் வீல், அப்புறம் நம்ம பயலுக 3டி பிரிண்டர்ல டிபியுங்கற வளையற பிளாஸ்டிக் போட்டு அடிச்சது.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். பிளைவுட் பலகைல கார்ப்பெட் துண்டு ஒட்டி, ரோபோவோட அடிச்சட்டமான சேசிஸ்ல வீல் சுத்தாம லாக் பண்ணி மேல வச்சு, பலகைய மெதுவா தூக்கிட்டே போகணும், எந்தக் கோணத்துல வழுக்குதோ அதோட டேன் மதிப்புதான் உராய்வுக் கெழு. டிபியு 33 டிகிரிலயே சரிஞ்சுடுச்சு, அதாவது 0.65. கெட்டி ரப்பர் 40, அப்படின்னா 0.84. நைட்ரைல் 47, 1.07. சிலிகான் 51 வரைக்கும் பல்லி மாதிரி ஒட்டிட்டு நின்னுச்சு, 1.23!

கெழு 1-க்கு மேல போகவே கூடாதுல்லன்னு ஒரு ஜூனியர் கேட்டான். நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். அப்படி ஒரு சட்டமும் கிடையாதாம், மெத்து ரப்பர் கார்ப்பெட் நூலுக்கு நடுவுல அமுங்கிப் போய் பிடிச்சுக்கும், அதனால தாராளமா தாண்டும்.

டிபியு ஏன் சொதப்புச்சுன்னா கடினம். கடினத்த அளக்கற ஷோர் ஏ ஸ்கேல்ல பிரிண்டிங் டிபியு பெரும்பாலும் 95, நம்ம கெட்டி ரப்பரே 65 தான். நம்பர் குறைய குறைய மெத்து. சிலிகான்தான்னு முடிவு பண்ணி அக்காகிட்ட பெருமையா சொன்னேன். "ஓட்டிப் பாத்தியாடா?"ன்னாங்க. அவ்ளோதான், வேற ஒண்ணும் சொல்லல.

ஜனவரி 18

ஓட்டிப் பாத்தோம். ஒவ்வொரு செட்டுக்கும் 20 நிமிஷம், எட்டு போட்டுக்கிட்டே, நடுநடுவுல சடன் பிரேக், சடன் ரிவர்ஸ். முடிச்ச கையோட துடைக்காம கொள்ளாம திரும்பப் பலகைல ஏத்தினோம்.

சிலிகான் 38 டிகிரி. முப்பத்தெட்டு! கெட்டி ரப்பர விடக் கேவலம். வீலப் பார்த்தா கார்ப்பெட் நூலும் தூசியும் அப்பி, பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணியால துடைச்சதும் 49-க்கு ஏறிடுச்சு, ஆனா ஓரமெல்லாம் பிய்ஞ்சு துணுக்கு துணுக்கா வந்திருக்கு, அத எதால துடைக்கிறது? நைட்ரைல் 47-லேர்ந்து 45. கெட்டி ரப்பர் அதே 40, அதுக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருக்கு, மனுஷனா இருந்தா ரிடயர்மென்ட் வரைக்கும் லீவே போடாத ஆளு.

புது வீல வச்சு எடுத்த நம்பர நம்பி ஆர்டர் போட இருந்தேன்னு நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது. நைட்ரைல் ஃபிக்ஸ்.

அகலமான பட்டை போட்டா கிரிப் ஏறும்னு நம்ம டிரைவர் ஒரே சண்டை. உராய்வு ஃபார்முலால பரப்பளவே இல்லடான்னு நான் கத்தினேன். அக்கா ரெண்டு பேரும் பாதி சரின்னுட்டாங்க. ரப்பர் அந்த ஃபார்முலாக்கு முழுசா கட்டுப்படாது, அழுத்தம் குறைஞ்சா கெழு கொஞ்சம் ஏறும், ஆனா நெஜமான லாபம் தேய்மானத்துலதான், அதே எடை அகலமான பட்டைல பரவினா ரொம்ப நாள் வரும். ஆக அகலம் வந்தாச்சு, டிரைவர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

ஜனவரி 21

கிரிப் நல்லா இருக்கு, ஆனா ரோபோ திரும்ப மாட்டேங்குது. நின்ன எடத்துல திருப்பினா தவளை மாதிரி குதிக்குது. ஆறு வீலும் தரையக் கவ்விட்டு இருந்தா, திரும்பும்போது ஓரத்து நாலும் பக்கவாட்டுல இழுபடணும்ல, அதுங்க விட்டாத்தானே. நடு ரெண்டு வீலையும் 3 மில்லிமீட்டர் கீழ இறக்கினோம். இப்ப ஒரு நேரத்துல நாலு வீல்தான் தரைல, லேசா முன்னயும் பின்னயும் ஆடும், ஆனா வெண்ணெய் மாதிரி திரும்புது. ஓரத்துல ஆம்னி வீல், அதாவது சுத்தி குட்டி உருளைங்க இருக்கற வீல் போடலாம்னும் பேச்சு வந்துச்சு, பக்கவாட்டுல தள்ளினா அதுங்க உருண்டு குடுத்துடும், போன வருஷக் கதைதான் திரும்பன்னு வேண்டாம்னுட்டோம்.

ஜனவரி 25

சுவத்துல முட்ட வச்சு முழு த்ராட்டில் குடுத்தோம். கொஞ்ச நேரத்துல, கரண்ட் அதிகமானா துண்டிக்கற பிரேக்கர் விழுந்துடுச்சு. திரும்ப ஆன் பண்ணோம், திரும்ப விழுந்துச்சு. வீல் வழுக்கவே இல்லங்கறதுதான் பிரச்சனை, மோட்டார் சுத்த வழியில்லாம கரண்ட்ட மட்டும் குடிக்குது. வீல் வழுக்க எவ்ளோ விசை வேணும்னு கணக்குப் போட்டா 50 கிலோ, 9.8, 1.07, மூணையும் பெருக்கினா 524 நியூட்டன், 5 சென்டிமீட்டர் ஆரத்துக்கு மொத்தம் 26 நியூட்டன் மீட்டர். பிரேக்கர் விழறதுக்கு முன்னாடி அவ்ளோ டார்க், அதாவது முறுக்கு விசை, வீல்ல வந்தா வழுக்கிடும், தப்பிச்சோம். நம்ம கியர்ல வரல. கியர மாத்தி டாப் ஸ்பீடக் கொஞ்சம் குறைச்சோம், கோட்ல கரண்ட் லிமிட்டும் வச்சாச்சு. ஸ்பீடு போச்சேன்னு டிரைவர் ரெண்டு நாளா என்கூட பேசல.

பிப்ரவரி 2

டிரைவர் இல்லாம ரோபோ தானா ஓடற ஆட்டோ ரன்ல 4 மீட்டர் போக வேண்டியது 12 சென்டிமீட்டர் முன்னாடியே நிக்குது. கோடிங் பசங்க ராத்திரி வரைக்கும் கோட தோண்டிட்டு இருந்தாங்க, பாவம், தப்பு அங்க இல்லவே இல்ல. வெர்னியர் வச்சு அளந்தா 100 மில்லிமீட்டர் விட்டம் 97 ஆயிருக்கு. பட்டைல இருந்த புள்ளி புள்ளி மேடெல்லாம் மழமழன்னு ஆயிடுச்சு. 3 சதவீதம் சின்ன வீலு, 3 சதவீதம் கம்மி தூரம், 4 மீட்டர்ல கரெக்டா அந்த 12.

பட்டைய மாத்தும்போது இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. ஒரு ஸ்க்ரூ தலை தேய்ஞ்ச ரப்பருக்கு மேல எட்டிப் பாக்குது. உலோகம் கார்ப்பெட்டக் கிழிச்சா இன்ஸ்பெக்ஷன்லயே வெளிய அனுப்பிடுவாங்க. எல்லா ஸ்க்ரூவையும் பிடுங்கிட்டு, ரிம்முல குழி போட்டு தலை உள்ள அமுங்கற மாதிரி ரிவெட் அடிச்சோம், கை கொப்புளம்.

பிப்ரவரி 8

ஸ்பேர் செட் ரெடி. ஆறு வீல், புதுப் பட்டை, ஒவ்வொண்ணும் அரை மணி நேரம் ஓட்டி மேல் வழவழப்பு போக்கினது. கழட்டி மாட்ட 11 நிமிஷம் ஆகுது, இன்னும் குறைக்கணும். பெட்டில தூசி துடைக்கிற துணி, ஆல்கஹால் பாட்டில், வெர்னியர் எல்லாம் வச்சாச்சு. ஒவ்வொரு வீலோட உள்பக்கமும் மார்க்கர்ல இன்னிக்கு அளந்த விட்டத்த எழுதி வச்சேன். நாலாவது வீல் மட்டும் 99.6, ஏன்னு தெரியல, நாளைக்கு திரும்ப அளக்கணும்.