தண்ணீர்ப் புட்டியின் அடியில்

மகளின் தண்ணீர்ப் புட்டியைக் கழுவும்போதுதான் பார்த்தேன். அடியில் அழியாத மையில் 'கரிச்சட்டி'. தேய்த்துத் தேய்த்து அவளே பாதி எழுத்தை அழித்திருந்தாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் அதே பெயராம், இரண்டு மாதமாக.

"விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார்கள்" என்றார் ஆசிரியர். எனக்குச் சுருக்கென்றது. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் சிங்கப்பூரில் 2014இலேயே வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் செய்யும் வம்பும் இணையத் தொல்லையும் அதற்குள் அடங்கும். 2021 முதல் இதற்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

ஆனால் 13 வயதுப் பிள்ளைகளை அங்கே நிறுத்த மனம் வரவில்லை. அவர்களில் ஒருத்தி எங்கள் வீட்டுத் தீபாவளி முறுக்கைத் தின்றவள்! குழுவில் வந்ததையெல்லாம் தேதியோடு படமெடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை முதல்வரைப் பார்க்கப் போகிறேன். புதுப் புட்டி வேண்டாம் என்கிறாள் மகள்.